மந்த வாயுப் பெட்டியில் ஆக்சிஜனைக் கண்டறிதல்

காற்றுப் பட்டால் கெடும் அல்லது தீப்பற்றும் பொருள்களை, ஆர்கானோ நைட்ரஜனோ நிரப்பிய மூடிய பெட்டிக்குள் வைத்துக் கையாள்வர். ஆய்வகங்களில் இது கையுறைப் பெட்டி எனப்படும். காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உள்ள ஆக்சிஜன், நல்ல பெட்டியில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்கினும் குறைவாக இருக்கும். உள்ளழுத்தம் சற்று மிகுந்திருந்தாலும் ரப்பர் கையுறைகளின் ஊடே ஆக்சிஜன் கசிந்து நுழையும். ஆகவே அடிக்கடி சோதிப்பது இன்றியமையாதது. மெழுகுவத்தி இதற்கு உதவாது. ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே அது அணைந்துவிடும்.

பல்புச் சோதனை

குறைந்த வாட் கொண்ட குண்டு பல்பின் கண்ணாடியில், இழை அறாமல் துளையிட்டுப் பெட்டிக்குள் எரியவிடுவர். ஆக்சிஜன் பத்து லட்சத்தில் சில பங்கே இருந்தால் டங்ஸ்டன் இழை பல மணி நேரம், சிலவேளை நாள்கணக்கிலும் எரியும். மிகுந்திருந்தால் புகைந்து விரைவில் அறும். நீராவியும் இழையை அரிக்கும் என்பதால் இச்சோதனை இரண்டையும் சேர்த்தே காட்டும். எரியக்கூடிய கரைப்பான் ஆவி உள்ள பெட்டியில் இதைச் செய்யலாகாது.

புகையும் நிறமும்

டைஎத்தில் துத்தநாகக் குப்பியைத் திறந்ததும் வெண்புகை எழுந்தால் பெட்டியில் ஆக்சிஜனோ ஈரமோ உள்ளது. இந்நீர்மம் காற்றில் தானே தீப்பற்றுவதால் பயிற்சி பெற்றவரே இதைக் கையாள வேண்டும். டைட்டனோசீன் டைகுளோரைடை அசிட்டோநைட்ரைலில் துத்தநாகத் தூளால் ஒடுக்கினால் கிடைக்கும் நீலக் கரைசல், ஆக்சிஜன் பட்டதும் பச்சையாகிப் பின் மஞ்சளாகும். பென்சோபீனோனும் சோடியமும் ஈதரில் தரும் ஆழ்நீலக் கரைசல் ஆக்சிஜனாலும் நீராலும் நிறமிழக்கும். காற்றில்லாச் சூழலில் நுண்ணுயிர் வளர்ப்போர் ரெசாசூரினைப் பயன்படுத்துவர். ஒடுக்கநிலையில் நிறமற்ற அது, ஆக்சிஜன் புகுந்தால் இளஞ்சிவப்பாகும்.

பற்றவைப்புச் சோதனை

டைட்டானியம் பற்றவைக்கும் ஆர்கான் அறையில், வேலைக்கு முன் ஒரு துண்டுத் தகட்டில் பற்றவைத்துப் பார்ப்பர். பற்றவைத்த இடம் வெள்ளிபோல் மின்னினால் வாயு தூயது. வைக்கோல் நிறம் சிறு மாசையும், நீலம் மிகுந்த மாசையும் காட்டும். சாம்பல் நிறமோ வெண்பொடியோ தோன்றினால் அந்த அறை வேலைக்கு ஏற்றதன்று.

வரம்பு

இம்முறைகள் ஆக்சிஜன் இருப்பதையே உணர்த்தும், அளவைச் சொல்லா. அளவிட சிர்கோனியா உணரியோ மின்வேதி உணரியோ தேவை. ஆயினும் உணரி பழுதாகித் தவறான எண்ணைக் காட்டும்போது, அதைக் காட்டிக்கொடுப்பவை இவ்வெளிய சோதனைகளே.