தோட்ட மண்: கூறுகளும் நயமும்

தோட்ட மண் என்பது நிலத்தின் மேற்பரப்பில், காய்கறி, பூச்செடிகளின் வேர்கள் பெரும்பாலும் பரவி நிற்கும் 15 முதல் 30 செ.மீ. வரையிலான அடுக்கு. பாறை சிதைந்து உண்டான கனிமத் துகள்கள், மட்கியும் மட்காமலும் கிடக்கும் உயிர்ப்பொருள்கள், துகள்களின் இடைவெளியில் தங்கும் நீர், காற்று ஆகிய நான்கும் சேர்ந்தது அது. கனிமத் துகள்களில் பருமனானவை எவ்வளவு, நுண்ணியவை எவ்வளவு என்ற விகிதம் மண் நயம் எனப்படும். அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு கட்டிகளாகத் திரண்டிருக்கும் விதம் மண் கட்டமைப்பு. நயம் நிலத்தோடு பிறந்தது. ஒரு தலைமுறை உழைத்தாலும் பெரிதாக மாறாது. கட்டமைப்போ சில பருவங்களில் சீர்படும், ஈரத்தில் ஒருமுறை மிதித்தால் கெட்டும் போகும். தோட்டம் போடுவோரின் வீண்செலவுகள் பலவும் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் நேர்பவை.

நான்கு கூறுகள்

நல்ல மண்ணின் கொள்ளளவில் கனிமம் 45, நீர் 25, காற்று 25, உயிர்ப்பொருள் 5 விழுக்காடு என்று ஒரு வட்டப்படம் பாடநூல்களில் காணப்படும். மண்ணின் பாதி வெற்றிடம் என்பதை உணர்த்த அந்தப் படம் உதவும். ஆனால் கடைசி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்பநாடுகளில் உயிர்ப்பொருள் விரைவாகச் சிதைந்து கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. இந்திய மண் ஆய்வுக்கூடங்கள் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், 0.75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அதிகம் என்றும் எழுதித் தருகின்றன. கரிமத்தை 1.724 ஆல் பெருக்கினால் உயிர்ப்பொருளின் அளவு கிடைக்கும் என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால், ‘அதிகம்’ என்று வகைப்படுத்தப்படும் மண்ணிலும் உயிர்ப்பொருள் 1.3 விழுக்காட்டில்தான் தொடங்குகிறது. நம் தோட்டத்தில் 5 விழுக்காடு இல்லையே என்று வருந்துவதற்கு ஒன்றுமில்லை. இருக்கும் சிறிதளவும் ஆண்டுதோறும் கரைந்துகொண்டே இருக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

நீரும் காற்றும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. மழை பெய்தவுடன் இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்புகின்றன. பெரிய துளைகளிலிருந்து நீர் வடிந்ததும் அங்கே காற்று புகுகிறது. சிறிய துளைகளில் நிற்கும் நீரை வேர் உறிஞ்சுகிறது. வேரும் சுவாசிக்கும் உறுப்பு என்பதால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் தேங்கிய பாத்தியில் மிளகாய்ச் செடி வாடி நிற்பதைப் பார்த்துவிட்டு இன்னும் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. அந்தச் செடிக்குத் தாகமில்லை, மூச்சு முட்டுகிறது.

மணல், வண்டல், களி

துகள்களின் விட்டத்தைக் கொண்டு மூன்று வகை பிரிக்கப்படுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் முறைப்படி 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை மணல், 0.05 முதல் 0.002 வரை வண்டல், 0.002 மி.மீ.க்குக் கீழ் களி. சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஆட்டர்பெர்க் வகுத்து, பிறகு பன்னாட்டு முறையாக ஏற்கப்பட்ட பிரிவில் மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை 0.02 மி.மீ. ஆகவே ஒரே மண்ணுக்கு இரண்டு அறிக்கைகளில் வண்டலின் அளவு மாறியிருந்தால் பிழை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எந்த முறை என்று கேட்க வேண்டும். 2 மி.மீ.க்கு மேற்பட்ட சரளை நயக் கணக்கில் சேராது.

மணல் பெரும்பாலும் குவார்ட்சு. நீரையோ சத்தையோ பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. வண்டல் விரலில் மாவுபோல் வழவழக்கும். நீரை நன்றாகத் தாங்கும். மேற்பரப்பில் எளிதில் ஏடுகட்டி முளைப்பைத் தடுக்கும். களிதான் மண்ணின் குணத்தை முடிவுசெய்வது. களித்துகள்கள் தட்டையான ஏடுகளாக அமைந்தவை. அவற்றின் எதிர்மின் ஏற்றம் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகிய நேர்மின் அயனிகளை இழுத்து வைத்துக்கொள்கிறது. உரமாக இட்ட சத்து முதல் மழையிலேயே அடித்துச் செல்லப்படாமல் நிற்பதற்கு இந்தப் பிடிப்பும் மட்கின் பிடிப்புமே காரணம்.

களியிலும் வகை உண்டு. அதை மறந்தால் கணக்குத் தப்பும். செம்மண்ணில் பெரும்பாலும் காணப்படும் கயோலினைட் விரிந்து சுருங்காது, சத்தைப் பிடிக்கும் திறனும் குறைவு. கரிசலில் மிகுந்த ஸ்மெக்டைட் வகைக் களியில் ஏடுகளுக்கு நடுவிலும் நீர் புகும். அதனால்தான் கரிசல் மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. ஸ்மெக்டைட் ஒரு கிராமின் மொத்தப் பரப்பு, உட்பரப்பையும் சேர்த்தால், 600 முதல் 800 சதுர மீட்டர், அதாவது 15 முதல் 20 சென்ட் நிலம். கயோலினைட் ஒரு கிராமுக்குச் சில பத்துச் சதுர மீட்டர்தான் தேறும். இரண்டு தோட்டங்களிலும் களி 35 விழுக்காடு என்று அறிக்கை சொன்னாலும், ஒன்று செம்மண்ணாகவும் மற்றது கரிசலாகவும் இருந்தால் அவற்றைக் கையாளும் முறை ஒன்றாக இருக்க முடியாது.

மூன்றின் விகிதத்தை முக்கோணப் படத்தில் குறித்து, அமெரிக்க முறையில் 12 நய வகைகள் வகுக்கிறார்கள். களி 40 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாகக் களிமண் வகையில் சேரும். களி 7 முதல் 27, வண்டல் 28 முதல் 50, மணல் 52 விழுக்காட்டுக்கு மிகாமல் அமைந்தது தமிழ்நாட்டில் இருமண்பாடு என்றும் ஈழத்தில் இருவாட்டி மண் என்றும் அழைக்கப்படும், தோட்டக்காரர்கள் விரும்பும் மண். அதில் களி கால்பங்குதான் என்பதைக் கவனிக்க வேண்டும். களியின் நுண்மை அத்தனை வலியது. சம பங்கு கலந்தாலே களியின் குணம் ஓங்கிவிடும்.

நீர் உட்புகும் வேகத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். மணலில் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் இறங்கும் நீர், இருமண்பாட்டில் 10 முதல் 20 மி.மீ., களிமண்ணில் 1 முதல் 5 மி.மீ. அளவே இறங்கும். எனவே மணற்பாங்கான தோட்டத்துக்குக் குறைந்த அளவில் அடிக்கடி பாய்ச்ச வேண்டும். களிநிலத்துக்கு மெதுவாக, இடைவெளி விட்டு.

நிறம் ஏமாற்றும்

செம்மண்ணின் சிவப்பு ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு தருவது. நீரேறிய கீத்தைட் மிகுந்தால் அதே மண் மஞ்சளாகும். கரிசலின் கருமையைப் பார்த்து மட்கு நிறைந்தது என்று நம்புவது பரவலான தவறு. களியோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மட்கே அந்த நிறத்தைக் கொடுக்கிறது. கரிசலின் அங்ககக் கரிமம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

கைப்பதமும் சீசாவும்

ஆய்வுக்கூடம் போகாமலே நயத்தை ஓரளவு அறியலாம். ஒரு பிடி மண்ணில் கல், வேர் நீக்கி, நீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ள வேண்டும். உருண்டையே பிடிக்க வராவிட்டால் மணல். நாடா 2.5 செ.மீ. நீளுமுன் அறுந்தால் இருமண்பாட்டு வகை, 2.5 முதல் 5 செ.மீ. வரை நீண்டால் களி கலந்த இருமண்பாடு. அதற்கும் மேல் அறாமல் வந்தால் களிமண். விரலில் நறநறப்பது மணல். பழகிய கை இதில் பெரும்பாலும் தவறாது.

இன்னொன்று சீசாச் சோதனை. நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு பொடித்த மண், மீதி நீர், கட்டிகள் பிரிவதற்காக ஒரு சிட்டிகை சோப்புத்தூள் இட்டு, சில நிமிடங்கள் நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் படிவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் வண்டலில் பெரும்பகுதி அதன்மேல் அமரும். களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். துகள் சிறுத்தால் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்ற ஸ்டோக்ஸின் 1851 ஆம் ஆண்டு விதியே இதன் அடிப்படை. 20 டிகிரி வெப்பத்தில் 0.002 மி.மீ. துகள் 10 செ.மீ. இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் எடுக்கும். ஆய்வுக்கூடங்களில் பூயூக்கோஸ் 1927இல் அறிமுகப்படுத்திய நீர்மமானி முறையும் இதே விதியில் இயங்குவதுதான். சீசாவில் களி உப்பிப் படிவதால் அதன் அடுக்கு உள்ளதைவிடத் தடிமனாகத் தெரியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ் நிலங்களில்

தமிழ்நாட்டின் பெரும்பரப்பு செம்மண். கோவில்பட்டி, விருதுநகர், கோவைப் பகுதிகளில் கரிசல். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் காவிரி கொண்டுவந்த வண்டற்படிவு. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளில் செந்நிறம் பூசிய மணல். ஆனால் மாவட்டத்தின் பெயரை வைத்துத் தோட்டத்து மண்ணைச் சொல்லிவிட முடியாது. கோவையை அடுத்த இருகூரின் பெயரால் அழைக்கப்படும் மண்தொடர் செம்மண். அதே கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தின் பெயரால் அமைந்தது சுண்ணாம்பு கலந்த கரிசல். இத்தகைய சுண்ணாம்பு மண்ணில் இரும்பு கரையாமல் நின்றுவிடுவதால் இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியா போட்டுப் பயனில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமத்தின் செம்மண் சுண்ணாம்புப் பாறைமேல் அமர்ந்திருக்கிறது. நீர் வேகமாக வடியும் அந்த மண்ணில் கிணற்றுநீர் இறைத்து வெங்காயம், மிளகாய், புகையிலை செய்யும் தோட்டச் செய்கை வளர்ந்தது. பனையோலையையும் பச்சிலையையும் மண்ணில் புதைத்து அதன் பிடிப்பைக் கூட்டுவது அங்கு வழிவழி வந்த முறை. அளவு மீறி இடும் தழைச்சத்து உரம் அதே வடிகாலின் வழியே நைட்ரேட்டாகக் கிணறுகளைச் சேர்வது இன்று அங்கு பெருங்கவலை.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது

களிமண் தோட்டத்துக்கு ஒரு வண்டி மணல் அடித்தால் இளகிவிடும் என்ற அறிவுரையைக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதன் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 8 டன். களி 50 விழுக்காடு உள்ள மண்ணை 25க்குக் கொண்டுவர, எடைக்கு எடை இன்னொரு 8 டன் மணல் வேண்டும், ஒரே ஒரு சென்ட்டுக்கு. குறைவாகக் கலந்தால் மணலின் இடைவெளிகளைக் களி அடைத்துக்கொண்டு மண் முன்னைவிட இறுகும். ஆறுகளைச் சுரண்டி எடுத்த மணலை இப்படி வீணாக்குவதை எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது.

எதிர்த்திசையில் கணக்கு இணக்கமாக இருக்கிறது. களி 10 விழுக்காடே உள்ள மணற்பாங்கான செம்மண்ணில், 40 விழுக்காடு களி கொண்ட குளத்து வண்டலைச் சென்ட்டுக்கு 1.6 டன் கலந்தால் களி 15 விழுக்காடாகும். கோடையில் கண்மாயிலிருந்து கரம்பை என்னும் இந்த வண்டலை எடுத்துத் தோட்டத்துக்கு அடிக்கும் வழக்கம் நயத்தையே திருத்தும் அரிய வேலை. அது நின்றுபோன ஊர்களில் கண்மாயும் தூர்ந்தது, நிலமும் மெலிந்தது. எடுக்கும் வண்டலில் உப்போ ஆலைக்கழிவோ இல்லை என்று சோதித்துக்கொள்வது மட்டும் அவசியம்.

மற்றபடி தோட்டக்காரரின் கைக்கு எட்டுவது கட்டமைப்பே. மட்கு, பூஞ்சை இழைகள், வேர்க்கசிவு ஆகியவை துகள்களைப் பிணைத்துச் சிறு மணிகளாக்குகின்றன. மணிகளுக்கு இடையே பெரிய துளை, மணிக்குள் சிறிய துளை என்று அமைவதால் களிநிலம் மூச்சுவிடுகிறது. அதே மட்கு மணல்நிலத்தில் நீரைப் பிடிக்கிறது. எதிரெதிரான இரு குறைகளுக்கும் ஒரே மருந்தாக அமைவது உயிர்ப்பொருள் ஒன்றே. மண்புழுவின் பங்கும் பெரிது. சார்லஸ் டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி எழுதிய நூலில் நீலகிரியில் கிடைத்த புழுவெச்சங்களையும் ஆராய்ந்திருக்கிறார்.

தொழு உரம், மட்கு உரம், சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்கள், இலைச்சருகு மூடாக்கு ஆகியவை ஆண்டுதோறும் தேவை. நீண்டகால அளவில் இதைக் கவனித்துவரும் களங்களுள் ஒன்று கோவையில் இருக்கிறது: வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையான உரப் பரிசோதனை வயல், 1909 முதல். ஈரம் மிகுந்த களிமண்ணை வெட்டுவதும் மிதிப்பதும் கட்டமைப்பை உடைக்கும். உருட்டினால் உருண்டையாகி, அழுத்தினால் உதிரும் பதத்தில்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும். ஜிப்சம் எல்லாக் களிமண்ணுக்கும் ஆன மருந்தல்ல. சோடியம் மிகுந்து கார அமில நிலை 8.5ஐத் தாண்டிய களர் மண்ணுக்கே அது உரியது.

மாடித்தோட்டத்தின் தொட்டியில் மட்டும் நயம் முழுவதும் நம் கையில். அங்கே வெறும் தோட்ட மண்ணை நிரப்பினால் சில நாளில் இறுகி நீர் தேங்கும். செம்மண், மணல், மட்கு உரம் சம பங்கு என்பது வழக்கமான கலவை. எடை குறைய வேண்டுமானால் உப்பு நீங்க அலசிய தென்னை நார்க்கழிவு சேர்க்கலாம்.

மாதிரி எடுத்தல்

ஆய்வுக்கு அனுப்பும் மண்ணை ஓரிடத்தில் அள்ளக் கூடாது. மேற்பரப்புச் சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் சேர்த்ததைக் கலந்து, நான்காகப் பகுத்து எதிர்ப்பகுதிகளைத் தள்ளி, அரைக் கிலோ ஆகும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி அனுப்பலாம். எருக்குழி, வரப்பு, மரநிழல், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நிறமோ பயிர் வளர்ச்சியோ மாறித் தெரியும் பகுதிக்குத் தனி மாதிரி வேண்டும்.