இம்ப்ரூவ்மெண்ட் முதல் ரிப்பீட்டர் வரை

இப்போது 'ரிப்பீட்டர்' என்கிறார்கள். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்த காலத்தில் அதற்கு 'இம்ப்ரூவ்மெண்ட்' என்று பெயர். நீட் முடிவு வந்தால் மல்லசமுத்திரத்தில் நாலு பேராவது என்னை நிறுத்தி, "மறுபடி எழுத வைக்கலாமுங்களா சார்?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது.

1978-ல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கும் நுழைவுத்தேர்வை 100-க்கும் கணக்கிட்டு மொத்தம் 300 என்று வைத்தார்கள். அதில் அரை மார்க் குறைந்தாலும் வரிசையில் எத்தனையோ பேருக்குப் பின்னால் போய்விடும்.

அந்தக் காலத்தில் பிளஸ் டூ பாஸ் ஆனவர்களும் மார்க்கைக் கூட்டிக்கொள்ள அடுத்த வருடம் மறுபடி எழுதலாம். அதுதான் இம்ப்ரூவ்மெண்ட். எங்கள் பக்கத்துப் பையன்கள் பகலில் தறி ஓட்டிக்கொண்டோ, ரிக் வண்டிக்குப் போய் வந்துகொண்டோ, ராத்திரியில் பழைய புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தார்கள். பாடத்திட்டம் அதேதான், புத்தகமும் அதேதான். பரீட்சைக் கட்டணமும் பஸ் காசும் இருந்தால் போதும். சந்தேகம் வந்தால் சாயங்காலம் ஸ்கூலுக்கு வந்து எங்களைக் கேட்பார்கள்.

ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் விடுதிப் பள்ளிகள் பெருகின. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வருடம் முழுக்க அங்கே உட்கார வைத்துப் படிக்க வைத்தார்கள். ஒரே தடவை எழுதிய கிராமத்துப் பிள்ளை, இரண்டு தடவை எழுதிய பிள்ளையோடு போட்டி போட வேண்டியதாயிற்று. இது நியாயமா என்ற கேள்வி எழுந்தது.

2005 ஜூனில் ஜெயலலிதா அரசு நுழைவுத்தேர்வையும் இம்ப்ரூவ்மெண்டையும் சேர்த்தே ரத்து செய்து ஆணை போட்டது. நுழைவுத்தேர்வு ரத்து உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006-ல் கொண்டு வந்த சட்டமும் நிற்கவில்லை. அதன்பின் கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைத்து, அதன் அறிக்கையை வைத்துப் புதிய சட்டம் செய்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 2007-ல் அது நடைமுறைக்கு வந்தது. பிளஸ் டூ மார்க் மட்டுமே என்றானது.

அதனால் கோச்சிங் போக வழியில்லாத பிள்ளைகளுக்கு நல்லது நடந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அதே சமயம், பிசிக்ஸ் பரீட்சை அன்று காய்ச்சலில் எழுதிய பிள்ளைக்கு அந்த மார்க்தான் ஆயுசுக்கும். அதையே வைத்து அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாமே தவிர, கூட்டிக்கொள்ள வழியில்லை.

2017-ல் நீட் வந்தது. இதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். 2016-17-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய வருடங்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம். முதல் தடவையே இடம் கிடைப்பதுதான் இப்போது அபூர்வம்.

ஆகவே, குறைந்த மார்க் வாங்கிய பிள்ளையிடம் நான் முதலில் சொல்வது, "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உள்ளே போனவர்களில் பாதிக்கு மேல் உன்னைப் போலத்தான்" என்பது. பெற்றவர்களிடம் சொல்வது வேறு. முன்பு இரண்டாம் முயற்சியின் விலை பரீட்சைக் கட்டணம். இப்போது அதன் விலை ஒரு வருடமும், கோச்சிங் பணமும். நகையை அடகு வைக்கும் முன் மார்க்கைப் பிரித்துப் பாருங்கள். 720-ல் உயிரியலுக்கு மட்டும் 360. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180, 180. தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும். தெரியாததால் குறைந்ததா, தெரியாததை எழுதியதால் குறைந்ததா என்று பிள்ளையையே உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். உயிரியல் நன்றாக இருந்து இயற்பியல் மட்டும் கைவிட்டிருந்தால் ஒரு வருடத்தில் சரி செய்யலாம். மூன்றுமே ஆட்டம் கண்டிருந்தால் வேறொரு படிப்பில் சேர்ந்துவிட்டு யோசிப்பது நல்லது.

இன்னொன்று. இன்னும் ஒரு தடவையா, இரண்டு தடவையா என்பதை இப்போதே, பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசி முடித்துவிடுங்கள். அந்த எல்லையைச் சட்டம் போடவில்லை. நாம்தான் போட வேண்டும்.