சுண்டெலி சொன்ன பொய்

போன வாரம் காங்கேயத்திலிருந்து அம்மா போன். "கொப்பரை காயறப்ப மழை புடிச்சிருச்சு கண்ணு. ஆட்டுன புண்ணாக்குல பூசணம் பூத்திருக்குது. மாட்டுக்கு வெக்கலாமா? ராத்திரி சுண்டெலி வந்து தின்னுட்டுத்தான் போகுது, ஒண்ணும் ஆகலையே!"

வடோதராவில் நான் பார்க்கும் வேலையே சுண்டெலிக்குத் தீவனம் கொடுத்துச் சோதிப்பதுதான். அம்மாவும் அதே முறையைத்தான் கையாண்டிருக்கிறார். ஆனால் இந்த விஷயத்தில் சுண்டெலியை நம்பக்கூடாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1960-ல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனால், தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது. அதில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் ஒரு விஷத்தைச் சுரந்திருந்தது. பூசணத்தின் பெயரிலிருந்தே அந்த விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வந்தது.

அந்த விஷத்தைப் பிரித்தெடுக்கும்போது, இருக்கிறதா இல்லையா என்று சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது வாத்துக் குஞ்சை. ஏன் தெரியுமா? உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம்கூட வேண்டாம், பாதிக் குஞ்சுகள் செத்துவிடும். சுண்டெலிக்கோ ஏறக்குறைய 9 மில்லிகிராம் தேவை! அதன் ஈரலில் உள்ள ஒரு நொதி விஷத்தை உடனே கட்டிப்போட்டு வெளியேற்றிவிடுகிறது. சுண்டெலியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால், கொஞ்சமாக விஷம் ஏறிய புண்ணாக்கு 'பாதுகாப்பானது' என்று சான்றிதழ் வாங்கியிருக்கும். அதே புண்ணாக்கைத் தின்ற பெரிய எலிகளுக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது 1961-லேயே தெரிந்துவிட்டது.

சரி, மனிதனின் ஈரல் யார் பக்கம்? அதற்கான பதில் நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1974-ல் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும், ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை ஏழை மக்கள் சாப்பிட்டார்கள். வேறு தானியம் இல்லை. மஞ்சள் காமாலை கண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் வீட்டு நாய்களும் செத்தன. டெல்லி ரயிலில் கோத்ராவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரியாகக் காயாத கொப்பரையிலும் இதே பூசணம்தான் வளர்கிறது. ஈரப்பதம் 6 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை காய வேண்டும் என்பது அதனால்தான். செக்குச் சூட்டில் விஷம் போகாது, தண்ணீரில் ஊறவைத்தாலும் போகாது. மாடு தின்றால் அதில் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் அது அழியாது. அந்தப் பாலைக் குடிப்பது அக்காவின் இரண்டு வயதுக் குழந்தை.

இன்று வாத்துக் குஞ்சைக் கொல்ல வேண்டியதில்லை. தீவனத்தில் எத்தனை மைக்ரோகிராம் விஷம் என்று கருவியே சொல்லிவிடும். ஆனால் அம்மாவிடம் கருவி ஏது?

"மாட்டுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம், வேறு யாருக்கும் விற்கவும் வேண்டாம் அம்மா" என்றேன்.

சற்று நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மூணு மூட்டை கண்ணு..." என்றார்.

நேற்று மறுபடி போன். குழி வெட்டிப் புதைத்தாகிவிட்டதாம்.