உழைப்பும் உடற்பயிற்சியும்: காவிரிப் படுகையின் ஒரு நம்பிக்கை குறித்து

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளில் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால், "வயக்காட்டுல வேலை செய்றவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்விதான் முதலில் வரும். வியர்த்துக் கொட்டினால்தான் பயன், நடந்தால் மூட்டு தேயும், வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் தொப்பை கரையும் என்பன போன்ற எண்ணங்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் கேள்வியோ நெல் விளையும் மண்ணின் வரலாற்றிலிருந்து பிறந்தது. ஆகவே வேரும் ஆழம். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்குள் பழைய உண்மை ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த உண்மை இப்போது இரண்டு பக்கமும் பொய்த்துவிட்டது என்பதே என் வாதம். உழைப்பு விட்டுப்போனவர்களுக்கு இந்நம்பிக்கை வீண் நிம்மதி தருகிறது. இன்றும் உழைப்பவர்களின் உடல் தேய்வதை மறைக்கிறது.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டு குறுவை, சம்பா, தாளடி என்று பருவங்கள் அடுத்தடுத்து வந்த காலத்தில், உழவு, பரம்படிப்பு, நாற்றுப் பறி, நடவு, களையெடுப்பு, அறுப்பு, கட்டுத் தூக்கல், கதிரடிப்பு என்று ஆண்டின் பெரும்பகுதி உடல் ஓயாது. இன்று உழவுக்கு டிராக்டர், களைக்குக் களைக்கொல்லி, பல இடங்களில் நடவுக்குப் பதில் நேரடி விதைப்பு. ஆள்கள் கூட்டமாக இறங்கி ஒரு நாளெல்லாம் அறுத்த ஏக்கரை அறுவடை இயந்திரம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கைநடவு நடக்கும் ஊர்கள் சிலவற்றில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நடுகிறார்கள். நிலத்துக்காரர் வரப்புவரை மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். விவசாயி என்ற பெயர் அவரிடம் இருக்கிறது. விவசாயத்தின் அசைவு அவர் உடலில் இல்லை.

அளவீடுகளும் இதையே சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், ஊரகத்தாரிலேயே சரிபாதிப் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டோ பயிற்சியோ செய்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அதே ஆய்வுத் தொடரின் 2011ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டு ஊரகத்தில் நீரிழிவு 7.8 விழுக்காடு, நகரத்தில் 13.7. கிராமத்துக்கு நகரைவிடக் குறைவுதான். ஆனால் "வயலில் உழைக்கும் ஊருக்குச் சர்க்கரை வராது" என்று சொல்ல இந்த எண் இடம் தரவில்லை. தேசிய குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் உடல் எடை மிகுந்தோர் 2015–16இல் 30.9 விழுக்காடு என்றும் 2019–21இல் 40.4 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. நாலைந்து ஆண்டுகளில் ஏறிய ஏற்றம் இது.

இனி மறுபக்கம். உழைப்பு உடலைக் காக்கும் என்பதற்கு அறிவியலில் புகழ்பெற்ற சான்று உண்டு. 1953இல் ஜெரமி மாரிஸ், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களைவிடப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு எனக் காட்டினார். ஆனால் 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, மிகக் கடுமையான உடலுழைப்புத் தொழில் செய்யும் ஆண்களிடம் அகால மரண வாய்ப்பு 18 விழுக்காடு கூடுதல் என்றது. 2021இல் நார்வேயின் பெரிய ஆய்வொன்று இதற்கு மாறான முடிவைக் காட்டியது. மரண விகிதத்தைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் உடலியங்கியல் அளவில் உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. என் வாதம் அதன்மேல்தான் நிற்கிறது.

நடவு வேலையைப் பாருங்கள். இடுப்பை மடித்துக் குனிந்து, முழங்கால் வரை சேற்றில் நின்று, இடக்கையில் நாற்று முடி, வலக்கையால் குத்து குத்தாக ஊன்றியபடி பின்னோக்கி நகர வேண்டும். முதுகுத் தசைகள் மணிக்கணக்கில் ஒரே இழுவிசையில் இறுகி நிற்கின்றன. இதயமும் நுரையீரலும் அந்த அளவுக்கு வேலை பெறுவதில்லை. பயிற்சி என்பதற்குச் சுமை படிப்படியாக ஏற வேண்டும், எல்லாத் தசைகளுக்கும் முறை வர வேண்டும், இடையில் தசை தன்னைச் சீர்செய்துகொள்ள ஓய்வும் புரதமும் வேண்டும். நடவுப் பெண்ணின் கையில் இவற்றில் எதுவும் இல்லை. வேகத்தைக் கூலியும் தண்ணீர் முறையும் முடிவு செய்கின்றன; தட்டில் பெரும்பாலும் சோறுதான். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை நாளெல்லாம் தலையிலும் தோளிலும் ஏற்றும் ஆணுக்கும் இதே கதைதான். இவர்கள் வலிமையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. இவர்களுடைய வலிமை செலவாகும் வேகத்துக்கு ஈடாகத் திரும்பச் சேர்வதில்லை என்கிறேன்.

"நம் பாட்டனார் உழைத்தார், நோயில்லாமல் வாழ்ந்தார்" என்ற பேச்சையும் இங்கே சோதிக்க வேண்டும். யார் பாட்டனார்? வயலில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பண்ணையாட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். அவர்களுடைய வேலைக்கும் கூலிக்கும் குறைந்தபட்சக் காப்பளிக்க 1952இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1941–51 காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டளவுதான். பிள்ளைச் சாவுகள் அதில் பெரும்பங்கு என்றாலும், அந்த நாளைப் பொற்காலமாக்க அது இடம் தராது.

தொப்பை பற்றியும் ஒரு சொல். "எவ்வளவு சோறு தின்றாலும் வேலை செய்தால் கரைந்துவிடும்" என்ற கணக்கை 2012இல் வெளியான தான்சானிய ஹட்ஸா மக்கள் பற்றிய ஆய்வு அசைத்தது. நாளெல்லாம் நடந்து வேட்டையாடும் அவர்கள் செலவிடும் ஆற்றல், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், மேற்கத்திய நகரவாசிகளுடையதிலிருந்து வேறுபடவில்லை. உடலசைவு சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் சீராக்கும். எடை பெரிதும் தட்டோடு சேர்ந்த விஷயம். வியர்வை வெப்பத்தையும் புழுக்கத்தையும் அளக்கிறதே தவிரப் பயனை அளப்பதில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கோ இன்று முதன்மை மருத்துவமே அளவான பயிற்சிதான்.

2020இல் உலக நலவாழ்வு அமைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவோடு இரண்டு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சியையும் கேட்டது. நம் ஆலோசனைகளில் முதல் பாதி மட்டுமே காதில் விழுகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. இயந்திரத்துக்கு வேலையை விட்டுக்கொடுத்த நிலத்துக்காரருக்கும் கடைக்காரருக்கும் அது நல்லது. காலை முழுதும் குனிந்து நட்டுவிட்டு வரும் ஐம்பது வயதுப் பெண்ணிடம் "தினமும் நடங்கம்மா" என்பது மருத்துவம் ஆகாது. அவளுக்கு வேண்டியவை முதுகை நிமிர்த்தி வலுவாக்கும் சில அசைவுகள், வேலையிடையே நிழலில் இளைப்பாறும் நேரம், பருப்பும் முட்டையும்.

2021 முதல் வீடுதோறும் செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அத்திட்டத்தில் இருக்கிறது. டெல்டா மாவட்டங்களில் அவர்கள் கேட்கும் கேள்விகளோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்: என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம் குனிந்திருக்கிறீர்கள்? விடைக்கேற்ப ஒருவருக்கு அசைவையும் மற்றவருக்கு ஓய்வையும் வலுவூட்டலையும் எழுதித் தருமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.