மிஸ்ஸிங் எந்த சிலிண்டரில்? - நடுங்கும் இன்ஜினின் நூறு வருடக் கதை

சிக்னலில் கார் நிற்கிறது. பச்சை விழும் வரை அமைதியாக ஓட வேண்டிய இன்ஜின் உதறுகிறது. ஸ்டீயரிங், சீட், கண்ணாடி எல்லாம் சேர்ந்து நடுங்குகின்றன. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓரளவு சரியாகிறது, காலை எடுத்தால் மறுபடியும் அதே ஆட்டம். நம்ம ஊர் பட்டறைகளில் இதற்கு ஒரே பெயர்: "மிஸ்ஸிங்".

ஐடிலிங்கில் மட்டும் ஏன் இப்படி? சின்னக் கணக்குதான். நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு சுமார் 750 சுற்று சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். மொத்தத்தில் நொடிக்கு 25 வெடிப்பு. அதில் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் நொடிக்கு ஆறு முறை ஒரு பள்ளம் விழுகிறது. நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் மட்டும் தோள் கொடுக்காத மாதிரி! வேகம் கூடினால் ஃப்ளைவீலின் சுழற்சி அந்தப் பள்ளத்தை மூடி மறைத்துவிடும். ஐடிலிங்கில் மறைக்க ஆளில்லை.

சரி, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கு மேல் வயது. அதற்கான பதிலை ஒரு காலத்தில் கார் வாங்கியவரே கையால் கண்டுபிடித்தார் என்பதுதான் சுவாரஸ்யம்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் நாலு சிலிண்டருக்கும் தனித்தனி காயில். ஓட்டுநருக்கு எதிரே ஒரு மரப்பெட்டியில் அவை இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் தகடு "ஸ்ஸ்" என்று அதிர்ந்து கொண்டிருக்கும். இன்ஜின் மிஸ்ஸிங் ஆனால் பெட்டியைத் திறந்து, ஒன்றாம் தகட்டையும் நாலாம் தகட்டையும் விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இப்போது இரண்டும் மூன்றும் மட்டும்தான் ஓடும். அவை ஒழுங்காக வெடித்தால் குற்றவாளி ஒன்று அல்லது நாலு. அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதித்தால் முடிந்தது. இந்த முறையை கம்பெனியே வாங்குபவருக்குக் கொடுத்த கையேட்டில் எழுதியிருந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற கார் அது. விவசாயியும் படித்துப் புரிந்து கொள்வார் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள்.

பிறகு ஒரே காயில், அதன் மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்க ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் என்று காலம் மாறியது. விரலுக்கு வேலை போனது, மெக்கானிக்கின் காதுக்கு வேலை வந்தது. இன்ஜின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கழற்றியதும் ஆட்டம் இன்னும் அதிகமானால் அந்த சிலிண்டர் நல்லது. எந்த ஒயரைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ, அங்கேதான் நோய். (இன்றைய கார்களில் இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஷாக்கும் அடிக்கும், எலக்ட்ரானிக்ஸும் போகும்.) இதோடு வேக்குவம் கேஜ் என்ற மலிவான கருவி ஒன்றும் இருந்தது. அதன் முள் நிலையாக நிற்கிறதா, ஒரே தாளத்தில் துடிக்கிறதா என்று பார்த்தே வால்வில் கோளாறா, காற்றுக் கசிவா என்று அனுபவசாலிகள் ஓரளவு யூகித்துவிடுவார்கள்.

அதுவரை மிஸ்ஸிங் என்பது கார்க்காரரின் சொந்தத் தலைவலி. அதை ஊர்ப் பிரச்சினையாக மாற்றியது லாஸ் ஏஞ்சல்ஸ். 1943 ஜூலையில் அந்த நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. உலகப் போர் நேரம் என்பதால் ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள்! பிறகு, அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து கொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியே விடும் எரியாத எரிபொருள் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து வெயிலில் ஓசோனாக மாறுகிறது. எதிரி வெளியிலிருந்து வரவில்லை, வீட்டு வாசலில்தான் நின்று கொண்டிருந்தது.

1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பரவலாக வந்தது. மிஸ்ஸிங் ஆகும் சிலிண்டர் எரியாத பெட்ரோலை அப்படியே அதற்குள் தள்ளும். அது உள்ளே எரிந்து, சூடு ஏறி, கன்வர்ட்டரே உருகிப் போகலாம். ஒரு சாதாரண பிளக்கை மாற்றாமல் விட்டதற்கு அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் பலி. அதனால்தான் 1996 மாடல் முதல் அங்கே கட்டாயமான ஓபிடி-2 விதியில், மிஸ்ஸிங்கைக் கார் தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். இந்தியாவில் இது 2013-ல் கட்டாயமானது.

கார் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கிராங்க் ஷாஃப்டின் வேகத்தை ஒரு சென்சார் கவனித்துக் கொண்டே இருக்கும். ஒரு சிலிண்டர் வெடிக்கத் தவறினால் ஷாஃப்ட் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கணக்கிட்டு கம்ப்யூட்டர் கோடு எழுதும். பி0301 என்றால் ஒன்றாம் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியவில்லை. கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மோசமானால் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரியும்.

ஆனால் கோடு "எங்கே" என்றுதான் சொல்கிறது, "ஏன்" என்று சொல்வதில்லை. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா? இந்த வித்தியாசம் தெரியாமல் கோடைப் பார்த்ததும் பார்ட்ஸை மாற்றிக் கொண்டே போனால் பில் ஏறும், நடுக்கம் போகாது. கோடே வராமல் கார் நடுங்கினால் இன்னொரு கதை. இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கலாம். அப்போது இன்ஜின் நிரபராதி!

விவரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டையும் கூடவே வந்தது. பழுது பார்க்கும் தகவல்களைக் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்கு மட்டும் ஒதுக்குகின்றன என்று வெளிப் பட்டறைகள் போராடின. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்களித்து அவற்றைத் திறந்துவிடச் செய்தார்கள். மாடல் டி காலத்தில் கையேட்டிலேயே இலவசமாகக் கிடைத்த விஷயத்துக்கு ஒரு தேர்தல் தேவைப்பட்டிருக்கிறது.

இன்றைய பல கார்களில் மறுபடியும் சிலிண்டருக்கு ஒரு காயில். பி0301 வந்தால் விவரமான மெக்கானிக் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒன்றாம் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை ஒன்றில் மாட்டுவார். மறுபடி ஓட்டிப் பார்க்கும்போது கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறவில்லை என்றால் காயில் நல்லது, அடுத்தது பிளக்கைக் கழற்ற வேண்டும்.