இந்தியத் தொழில் நிறுவனங்களில் நடுத்தரக் கணினிகள்

நடுத்தரக் கணினி என்பது மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிக்கும் மேசைக் கணினிக்கும் இடைப்பட்ட வகையாகும். சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு, கொள்முதல், விற்பனை ஆகிய கணக்குகளை ஒரே இயந்திரத்தில் வைத்து, பலர் ஒரே நேரத்தில் முனையங்கள் வழியாகப் பயன்படுத்த இது உதவுகிறது. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இருப்பவை போன்ற நடுத்தர ஆலைகளில் கணக்கு வேலை மிகுதி. பெருங்கணினியோ அவற்றின் சக்திக்கு மீறியது. இத்தகைய நிறுவனங்களை எண்ணியே இவ்வகை உருவாக்கப்பட்டது.

வாடகைக் கணினிகளின் காலம்

1960களில் இந்திய நிறுவனங்கள் பலவற்றில் இருந்தது ஐ.பி.எம். 1401. இது 1959-இல் அறிமுகமானது. வெளிநாடுகளில் பயன்படுத்தப்பட்ட இயந்திரங்களைப் புதுப்பித்து, அந்நிறுவனம் இங்கு வாடகைக்கு விட்டது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்குரிமையைப் பொதுவாக 40 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்றது. ஐ.பி.எம். இதை ஏற்காமல் 1978-இல் வெளியேறியது. கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பைப் பொதுத்துறையின் சி.எம்.சி. நிறுவனம் ஏற்றது.

உள்நாட்டுச் சிறுகணினிகள்

வெற்றிடத்தை நிரப்ப ஐதராபாத்தின் இ.சி.ஐ.எல்., 1976-இல் தொடங்கிய எச்.சி.எல்., பின்னர் விப்ரோ ஆகியவை சிறுகணினிகளைத் தந்தன. ஆனால் ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் பெரும்பாலும் அப்படியே இயங்காது. கணினியை மாற்றினால் நிரலையும் திருத்தியோ புதிதாகவோ எழுத நேர்ந்தது.

ஏஎஸ்/400

1988 சூன் 21 அன்று ஐ.பி.எம். ஏஎஸ்/400 கணினியை அறிவித்தது. சிஸ்டம்/36, சிஸ்டம்/38 ஆகியவை இதன் முன்னோடிகள். தரவுத்தளம் இயங்குதளத்துக்குள்ளேயே அமைந்திருந்ததால் அதைத் தனியே வாங்கி நிறுவத் தேவையில்லை. நிரல்கள் பெரும்பாலும் ஆர்.பி.ஜி., கோபோல் மொழிகளில் எழுதப்பட்டன. 1992-இல் டாட்டா குழுமத்துடன் கூட்டாக ஐ.பி.எம். இந்தியாவுக்குத் திரும்பியது.

இதன் தனிச்சிறப்பு 1995-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு செயலி 48 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறியது. நிரலுக்கும் செயலிக்கும் இடையே ஓர் அடுக்கு இருந்ததால், பெரும்பாலான நிரல்களைத் திருத்தி எழுதாமலே புதிய இயந்திரத்துக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. ஐ.பி.எம். ஐ என்னும் பெயரில் இவ்வமைப்பு இன்றும் தொடர்கிறது.

வரலாறு தரும் பாடம்

இயந்திரம் தேய்ந்தாலும் கணக்கு அறுபடக் கூடாது என்னும் தேவையை ஏஎஸ்/400 நிறைவேற்றியது. எனினும் அந்நிரல்கள் அந்த ஒரே நிறுவனத்தின் இயங்குதளத்தையே நம்பியுள்ளன. வழங்குபவர் விலகினால் கணக்கு என்னவாகும் என்று 1978-இல் எழுந்த கேள்வியை, கணினி வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் இன்றும் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.