கண்ணாடிக்குள் ஒரு கடல்

எங்கள் ஊரின் பெயரில் உழவரும் இருக்கிறார்கள், கரையும் இருக்கிறது. கடல் மட்டும் புதுச்சேரிப் பக்கம் ஒதுங்கிவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்க நினைத்தானோ என்னவோ, உழவர்கரையில் எங்கள் அடுத்த வீட்டுப் பையன் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்பு நீர் நிரப்பி, மான் கொம்பு போன்ற ஒரு பவழத்தை யாரிடமோ வாங்கி விட்டிருந்தான். சித்திரையில் ஒரு நாள் எட்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. அடுத்த சில நாட்களில் பவழம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"ஏன் சார் செத்துப் போச்சு?" என்று கேட்டான். பதில் தேடப் போய் நான் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன்.

பவழம் கல்லுமல்ல, செடியுமல்ல, பிராணி. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு பாசி சமைக்கிறது, பவழம் சாப்பிடுகிறது. சூடு ஏறினால் குடித்தனம் கலைந்து பாசி வெளியேறும். பவழம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். மான்கொம்புப் பவழம் வளர வளர நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் உறிஞ்சிவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் இருக்கும் அந்தச் சத்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாசியே இல்லாத ஆரஞ்சு நிறச் சூரியப் பவழத்துக்கோ ஒவ்வொரு வாயாகப் பார்த்து ஊட்ட வேண்டும். கைக்குழந்தை எவ்வளவோ மேல்!

நம் ஊரில் பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிந்தது. இரண்டே வருஷத்தில், இன்னொரு பிரெஞ்சு மண்ணான நியூ கலிடோனியாவின் நூமேயாவில், ரெனே கதலாவும் அவர் மனைவியும் ஒரு மீன்காட்சிச்சாலை திறந்தார்கள். கடல் நீரை ஓயாமல் உள்ளே பாய்ச்சிப் பவழங்களை உயிரோடு வைத்தார்கள். கடலுக்கு அருகில் இல்லாதவன் என்ன செய்வான்? இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் 1961-இல் வழி சொன்னார்: கடல் நீர், உயிருள்ள பாறைத் துண்டுகள், காற்றுக் குமிழ், வெயில். பாறையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே அழுக்கைத் தின்று நீரைச் சுத்தம் செய்தன.

நாமும் பின்தங்கியவர்களல்ல. சென்னைக் கடற்கரையில் 1909-லேயே மீன்காட்சிச்சாலை வந்தது. முயன்றவர் எட்கர் தர்ஸ்டன். 1942-இல் ஜப்பானியர் பயத்தில் அதை மூடினார்கள். ஆனால் பவழத்தை நாம் நடத்திய விதம் வேறு. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிய பாறைகளை வருஷக்கணக்கில் வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினோம். 1986-இல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பாறை கட்டும் பவழங்கள், புலியைப் போலவே, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின.

"அப்படியானால் நான் வாங்கினதே குற்றமா சார்?"

"குற்றந்தான். காளவாய்க்காரனுக்குப் பவழத்தின் மேல் ஆசை இல்லை, உனக்கு இருந்தது. பவழத்துக்கு இரண்டும் ஒன்றுதான்."

முகம் சுண்டிப் போனான். கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று இரவெல்லாம் எனக்கு உறுத்தல். மறுநாள் அவனே வந்தான். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் விஞ்ஞானிகள் தொட்டியிலேயே கோமாளி மீன் குஞ்சு பொரிக்கச் செய்த கதையைச் சொன்னேன். அப்படிப்பட்ட மீன் ஒரு ஜோடி இப்போது அவன் தொட்டியில் சுற்றுகிறது. வெளுத்த கொம்பை மட்டும் அவன் எறியவில்லை; மேஜைமேல், பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.